அத்தியாயம் 7: மிச்ச யூனிட்டை என்ன செய்வது?

மாடியில் பேனல் ஏறி, இருவழி மீட்டர் பொருத்தி, முதல் பில் குறைந்து வந்த கையோடு பெரும்பாலான வீடுகளில் ஒரு புதுக் கவலை தொடங்குகிறது. மதியம் 12 மணிக்கு இன்வெர்ட்டரின் ஆப்பைத் திறந்தால் இரண்டரை கிலோவாட் உற்பத்தி என்று காட்டுகிறது. வீட்டில் ஓடுவதோ ஒரு ஃப்ரிட்ஜும் இரண்டு ஃபேனும். மீதியெல்லாம் ஈபி லைனுக்குப் போகிறது. ‘நம் கரண்ட் இப்படிப் போகிறதே’ என்று மனசு அடித்துக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து, பேட்டரி விற்பவர் ஃபோன் செய்கிறார்.

அவருக்குப் பதில் சொல்வதற்கு முன், உங்கள் மிச்சத்துக்கு உண்மையில் எத்தனை ரூபாய் மதிப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். தேவையறிந்து அளவாகப் பேனல் போட்ட வீட்டில் அது ஆண்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கும். அதைக் காப்பாற்ற ஒரு லட்சம் செலவழிக்கலாமா என்பதுதான் கேள்வி. இந்த அத்தியாயம் தமிழ்நாட்டில் நெட் மீட்டரிங் முறையில் சோலார் போட்ட வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. வேறு முறையில் இருப்பவர்களுக்குக் கணக்கு மாறும். அதைப் பின்னால் பார்ப்போம்.

வெளியே போவதெல்லாம் மிச்சம் அல்ல

நெட் மீட்டரிங்கில் பகலில் நீங்கள் ஈபி லைனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டும், இரவில் நீங்கள் வாங்கும் ஒரு யூனிட்டைக் கழிக்கிறது. பக்கத்து வீட்டுக்கு ஒரு டம்ளர் சர்க்கரையைக் கைமாற்றாகக் கொடுத்து, நமக்குத் தேவைப்படும்போது அதே டம்ளர் அளவு திரும்ப வாங்குவது போலத்தான் இது. கொடுத்ததும் ஒன்று, வாங்கியதும் ஒன்று. வட்டியும் இல்லை, கழிவும் இல்லை. இரண்டு மாத ரீடிங்கில் வாங்கியதிலிருந்து கொடுத்ததைக் கழித்து, மீதிக்கு மட்டும் பில் போடுகிறார்கள். கொடுத்தது கூடுதலாக இருந்தால் அந்த யூனிட்டுகள் அடுத்த பில்லுக்குப் போகின்றன.

ஆகவே மதியம் வெளியே போகும் கரண்ட் உங்கள் கணக்கை விட்டுப் போய்விடவில்லை. கணக்காண்டு முடியும்போது இரவுத் தேவையையும், மேகம் மூடிய நாள்களின் தேவையையும் கழித்த பிறகு எது நிற்கிறதோ அது மட்டும்தான் மிச்சம். மீட்டரில் ‘கொடுத்தது’ என்று ஓடும் எண்ணைப் பார்த்துப் பதறி முடிவெடுப்பவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் முடிவு பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். சோலார் போட்டதும் ‘இனிமேல் கிரைண்டர், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாம் பகல் 11 முதல் 2 மணிக்குள்தான்’ என்று வீட்டில் சட்டம் போடுகிற ஆண்கள் இருக்கிறார்கள். நெட் மீட்டரிங்கில் அந்தச் சட்டத்தால் பில்லில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மாவு காலையில் அரைத்தாலும் சரி, ராத்திரி அரைத்தாலும் சரி. அரைக்கிறவரின் வசதிதான் முக்கியம்.

ஒரு வீட்டின் ஆண்டுக் கணக்கு

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மிச்சம் எங்கே பிறக்கிறது என்று தெரியும். மதுரைப் பக்கம் 3 கிலோவாட் போட்ட ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஆக மூன்று கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்தில் 700 யூனிட்டுக்கு முன்னே பின்னே வரும்.

ஏப்ரல், மே மாதங்களில் ஏசி ஓடுவதால் தேவை 950 யூனிட், உற்பத்தி 800. ஜூன், ஜூலையில் தேவை 850, உற்பத்தி 720. ஆகஸ்ட், செப்டம்பரில் 750க்கு 720. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர், நவம்பரில் தேவை 600ஆக இறங்குகிறது. மேகத்தால் உற்பத்தியும் 580 ஆகிறது. டிசம்பர், ஜனவரியில் ஏசி ஓய்வெடுக்கிறது: தேவை 500, உற்பத்தி 640. பிப்ரவரி, மார்ச்சில் வானம் தெளிந்து வெயில் ஏறும்போது உற்பத்தி 840, தேவை 600.

முதல் நான்கு பில்களில் இந்த வீடு கொஞ்சம் வாங்குகிறது: 150, 130, 30, 20 யூனிட். கடைசி இரண்டு பில்களில் 140, 240 என்று 380 யூனிட் கூடுதலாகக் கொடுக்கிறது. கணக்காண்டு மார்ச்சில் முடிவதாக வைத்துக்கொண்டால், மிச்சம் இந்த 380 யூனிட்தான். சோலார் இல்லாமல் ஆண்டுக்கு 23,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருக்க வேண்டிய வீடு இது. இப்போது சில நூறு ரூபாய் கட்டுகிறது. பேனல் தன் வேலையை முடித்துவிட்டது; நாம் பேசிக்கொண்டிருப்பது ஓரத்தில் சிந்தியதைப் பற்றித்தான்.

அந்த 380 யூனிட்டுக்கு என்ன கிடைக்கும்? ஆண்டு முடிவில் மிஞ்சியதை மின்வாரியம் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளுமா, என்ன விலைக்கு, அல்லது காலாவதியாகுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணை மாறும்போது அதுவும் மாறும். குஜராத் ‘சூர்யா குஜராத்’ திட்டத்தில் யூனிட்டுக்கு 2.25 ரூபாய் வைத்தது. அந்த விலையில் 380 யூனிட் 855 ரூபாய். காலாவதி என்றால் பூஜ்யம். உங்கள் நெட் மீட்டரிங் ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு விஷயங்களைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்: கணக்காண்டு எந்த மாதம் முடிகிறது, முடியும்போது மிஞ்சியதற்கு என்ன விலை.

எந்த மாதம் என்பது சின்ன விஷயமல்ல. மேலே சொன்ன வீட்டில் கணக்காண்டு செப்டம்பரில் முடிந்தால், குளிர்கால மிச்சம் அப்படியே ஏப்ரல், மே ஏசிக்குக் கை கொடுக்கும். மார்ச்சில் முடிந்தால் கோடை வாசலில் நிற்கும்போது சேமிப்பு காலி. கேரளத்தில் கணக்கு முடிக்கும் மாதத்தை மார்ச்சுக்கு மாற்றியபோது சோலார் வைத்த வீட்டுக்காரர்கள் கொதித்ததற்கு இதுதான் காரணம்.

பில்லைப் பூஜ்யமாக்க ஆசைப்படாதீர்கள்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இந்த 100 யூனிட்டையும் நம் பேனலே தயாரித்துத் தந்தால் நமக்கு மிச்சமாகும் பணம் எவ்வளவு? ஒன்றுமில்லை. சும்மா கிடைப்பதைச் செலவழித்துத் தயாரிக்கிறோம். ஆண்டுக்கு 600 யூனிட் என்றால் ஏறத்தாழ 0.4 கிலோவாட் பேனல், அதாவது இன்றைய பெரிய பேனல் ஒன்றில் பெரும்பகுதி, இலவசத்தோடு போட்டி போட்டுக்கொண்டு மாடியில் கிடக்கிறது.

மேலே உள்ள வீடு ஒரு பேனல் குறைவாகப் போட்டிருந்தால் ஆண்டு மிச்சம் பெருமளவு காணாமல் போயிருக்கும். பில்லோ ஆண்டு முழுவதற்கும் ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னேதான் கூடியிருக்கும். இன்னும் பேனல் போடாதவர்களுக்கு இதுதான் மிச்சத்தைக் கையாளும் மலிவான வழி: பிறக்கவே விடாதீர்கள். ‘பி.எம். சூர்யா கர்’ திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய் மானியம். மூன்றுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். ஆகவே நான்காவது, ஐந்தாவது கிலோவாட் முழுக்க உங்கள் காசு. ‘எதிர்காலத்தில் உபயோகமாகும், இப்போதே பெரிசாகப் போட்டுவிடுங்கள்’ என்று விற்பவர் சொன்னால், அந்த எதிர்காலத்தில் எதை மாட்டப்போகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரக் கார் என்று பதில் வந்தால் நியாயம். பதில் வராவிட்டால் வேண்டாம்.

ஒரே வீட்டில் கீழ்த்தளம், மாடி என்று இரண்டு இணைப்பு இருப்பது நம் ஊரில் சகஜம். ஒரு இணைப்பில் போட்ட சோலார் மற்ற இணைப்பின் பில்லைத் தானாகக் குறைக்காது. 500 யூனிட்டைத் தாண்டும் இணைப்பில்தான் பேனலைச் சேர்க்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் பாதி விலைச் சலுகை போய்விடுகிறது; 10 யூனிட் தாண்டியதற்கே 300 ரூபாய்க்கு மேல் கூடும். அதற்கு மேல் யூனிட் எட்டு ரூபாயைக் கடந்து, 1000 யூனிட்டுக்கு மேல் 11 ரூபாயையும் கடக்கிறது. கீழே மிச்சம் சும்மா போக, மாடியில் எட்டு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. அதற்காகக் கீழிருந்து மாடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ சொந்தமாக வயர் இழுப்பது விதிமீறல், அதில் இறங்காதீர்கள்.

முதல் செலவு: இண்டக்‌ஷன் அடுப்பு

மிச்சம் இருக்கிறது என்று கணக்கு சொல்லிவிட்டால், அதைச் செலவழிக்க நான் முதலில் பரிந்துரைப்பது அடுப்பைத்தான். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் கேஸ் அடுப்பில் ஏறத்தாழ 40 சதவீத வெப்பம் பாத்திரத்தின் ஓரமாக வெளியே போய்விடுகிறது. இண்டக்‌ஷனில் பாத்திரத்தின் அடியே சூடாவதால் இழப்பு மிகக் குறைவு. இரண்டையும் கழித்துப் பார்த்தால் ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை 125, 130 யூனிட் செய்துவிடும். 2025 ஏப்ரலில் விலை ஏறிய பிறகு சென்னையில் சிலிண்டர் 868.50 ரூபாய் ஆனது. அந்த விலையில் அடுப்புக்குள் போகும் ஒரு யூனிட் ஏழு ரூபாய்க்குச் சற்றுக் குறைவான கேஸை மிச்சப்படுத்துகிறது. நம் மதுரை வீட்டின் 380 யூனிட், மூன்று சிலிண்டர். ரூபாயில் 2,500க்கு மேல். விற்றால் கிடைக்கும் 855 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. மிச்சம் இல்லாத மாதங்களில்கூட, கழித்த பிறகு உங்கள் பில் 400 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட் ஐந்து ரூபாய்க்குள்தான். அப்போதும் இண்டக்‌ஷன் லாபம். 500ஐத் தாண்டி எட்டு ரூபாய்க்குப் போய்விட்டால் கேஸ் லாபம். சிலிண்டர் விலை மாறினால் இந்தக் கோடும் நகரும். புது விலையை 127ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. இண்டாலியக் குக்கரும் மண்சட்டியும் இண்டக்‌ஷனில் வேலை செய்யா. அடிப்பாகம் தட்டையாகவும், காந்தம் ஒட்டுவதாகவும் இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். 2,000 வாட் அடுப்பைச் சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடாது. 15 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். கேஸ் இணைப்பை விட்டுவிட வேண்டியதில்லை. சோறு, பால், வெந்நீர், குழம்பு இண்டக்‌ஷனில். கத்தரிக்காய் சுடுவதும் அப்பளம் வாட்டுவதும் கேஸில்.

ஸ்கூட்டர், ஏசி, வெந்நீர்

மின்சார ஸ்கூட்டரின் கணக்கு கண்ணைப் பறிக்கும். சார்ஜ் செய்யும்போது போகும் இழப்பையும் சேர்த்து ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஓடும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் வண்டி அதே தூரத்துக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஒரு யூனிட், 50 ரூபாய்க்கு மேல் மிச்சம்! விளம்பரங்கள் இதை அப்படியே ‘சோலார் லாபம்’ என்று எழுதுகின்றன. இது சோலாரின் லாபம் அல்ல, ஸ்கூட்டரின் லாபம். ஈபியிடம் எட்டு ரூபாய்க்கு வாங்கிச் சார்ஜ் செய்தாலும் ஏறத்தாழ இதே வித்தியாசம் வரும். மேலும் தினம் 30 கிலோமீட்டர் ஓட்டினாலும் ஒரு நாளைக்கு 1.2 யூனிட்தான் செலவு. வண்டி மாற்றும் காலம் வந்திருந்தால் மின்சார வண்டி வாங்குங்கள். மிச்ச யூனிட்டைச் செலவழிப்பதற்காக ஓடுகிற வண்டியை விற்காதீர்கள்.

ஏசி பற்றிக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டுப் பேசலாம். மிச்சம் அதிகம் பிறக்கும் மார்ச் மாதத்தில்தான் மதிய வெயிலும் ஏறத் தொடங்குகிறது. வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், கணக்காண்டு முடிய இன்னும் மூன்று வாரம், கணக்கில் 200 யூனிட் நிற்கிறது என்றால், மதியம் ஏசி போட்டு அவர்களைத் தூங்க வையுங்கள். ‘எதுக்குப்பா கரண்டை வீணாக்குற’ என்பார்கள். இது நம்ம மாடியில் விளைந்தது என்று சொல்லுங்கள். அந்த 200 யூனிட்டுக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

வெந்நீர் சமவெளியில் பெரிய விஷயமில்லை. 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற முக்கால் யூனிட் போதும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு வீடுகளில் தேவை பல மடங்கு. அங்கே ஏற்கெனவே கேஸிலோ விறகிலோ வெந்நீர் போடுகிறவர்கள் கீசருக்கு மாறினால் மிச்சம் நன்றாகக் கரையும்.

பேட்டரி

இப்போது அந்த ஃபோனுக்கு வருவோம். 5 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி, அதற்கேற்ற இன்வெர்ட்டர் மாற்றத்தோடு, ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினமும் நான்கரை யூனிட் ஏற்றி இறக்கினாலும் பத்து ஆண்டில் கையாளுவது 16,400 யூனிட். ஒரு யூனிட்டைப் பகலிலிருந்து இரவுக்கு நகர்த்தும் கூலி ஆறு ரூபாய்க்கு மேல், வட்டி சேர்க்காமலேயே. இதே வேலையை நெட் மீட்டரிங்கில் ஈபி லைன் ஒன்றுக்கு ஒன்றாகச் செய்து தருகிறது. அதோடு, பிப்ரவரி மிச்சத்தை மே மாதத்துக்கு நகர்த்த எந்த வீட்டு பேட்டரியாலும் முடியாது. அது ஒரு நாள் இரவுக்கு மட்டுமே. ஆக, பில்லைக் குறைக்க பேட்டரி வாங்குவது நெட் மீட்டரிங் வீட்டில் சுத்த நஷ்டம்.

மின்தடைக்காக என்றால் பேச்சு வேறு. சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காப்பாற்ற இந்த ஏற்பாடு. கொளுத்தும் வெயிலில் மாடி முழுக்கப் பேனல் இருந்தும் வீட்டில் ஃபேன் சுற்றாதது இதனால்தான். அடிக்கடி மணிக்கணக்கில் தடைபடும் ஊராக இருந்தால், மருத்துவக் கருவி ஓட வேண்டிய வீடாக இருந்தால், பேட்டரி தேவைதான். ஆனால் அந்தச் செலவை வசதிச் செலவு என்ற தலைப்பில் எழுதுங்கள். இரண்டு ஃபேன், நான்கு விளக்குக்குப் பழைய வீட்டு இன்வெர்ட்டரும் அதன் பேட்டரியுமே போதும். பல வீடுகளில் அது ஏற்கெனவே மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

வெளிநாட்டு வீடியோக்கள்

‘லண்டனில் மச்சான் வீட்டில் மிச்ச கரண்ட்டைத் தானாக வெந்நீர் டேங்குக்குத் திருப்பிவிடும் கருவி வைத்திருக்கிறார்கள், நாமும் வைக்கலாமா’ என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனில் வீடுகளுக்கு நெட் மீட்டரிங் இல்லை. 2020 ஜனவரியிலிருந்து அங்கே கொடுக்கும் யூனிட்டுக்குத் தனி விலை, வாங்கும் யூனிட்டுக்குத் தனி விலை. கொடுக்கும்போது கிடைப்பது குறைவு, வாங்கும்போது கட்டுவது அதிகம் என்றால், பகலிலேயே வீட்டுக்குள் செலவழிப்பதற்கு அர்த்தம் உண்டு. அவருக்கு அந்தக் கருவி சரி. உங்களுக்கு அது சுவரில் தொங்கும் ஒரு பெட்டி.

ஆனால் இந்த ஒன்றுக்கு ஒன்று பரிமாற்றம் என்றைக்கும் நீடிக்கும் என்றும் இருந்துவிடாதீர்கள். கலிஃபோர்னியா 2023 ஏப்ரலில் புதிய இணைப்புகளுக்குக் கொடுக்கும் யூனிட்டின் மதிப்பை வெட்டிக் குறைத்தது. நெதர்லாந்து 2027 ஜனவரி 1 முதல் நெட் மீட்டரிங்கை முடித்துக்கொள்கிறது. இலங்கையில் 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்ததால், கூரை சோலார் வைத்திருப்பவர்கள் மாலை 3 மணி வரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயில் நேரத்தில் எல்லா மாடியிலும் ஒரே சமயம் விளையும் கரண்ட் எங்கே அதிகமாகிறதோ அங்கே மதிய யூனிட்டின் விலை இறங்குகிறது.

இந்தியாவிலும் அதற்கு விதை போட்டாயிற்று. 2023இல் ஒன்றிய அரசு திருத்திய நுகர்வோர் விதிகள், பகலில் சூரிய மணிநேரங்களில் கட்டணம் 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. ஸ்மார்ட் மீட்டரோடு இது உங்கள் வீட்டு இணைப்புக்கும் வரும் நாளில், பகலில் கொடுத்த யூனிட்டும் இரவில் வாங்கிய யூனிட்டும் ஒரே மதிப்பில் இருக்காது. அன்றைக்குக் கிரைண்டரைப் பகலுக்கு மாற்றலாம். பேட்டரி விலையையும் மறுபடி விசாரிக்கலாம். அதற்குள் பேட்டரி விலையும் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சமையலறைக் காலண்டரிலோ ஒரு பழைய டைரியிலோ, ஒவ்வொரு ரீடிங்கின்போதும் மீட்டர் காட்டும் வாங்கிய யூனிட், கொடுத்த யூனிட் இரண்டையும், ஆப்பிலிருந்து உற்பத்தியையும் எழுதி வையுங்கள். ஆறு பில் சேரட்டும். கணக்காண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது கணக்கில் எத்தனை யூனிட் நிற்கிறது என்று பாருங்கள். 100க்குக் கீழே என்றால் எதுவும் வாங்காதீர்கள், 300க்கு மேல் என்றால் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குங்கள். அதுவரை பேட்டரி விற்பவரிடம், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வையுங்கள்.